பாதி மூச்சு

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு ஒரு பேர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். நுரையீரல் பிரிவில் டெக்னீஷியன் வேலை. நோயாளியைத் தயார் செய்வது, குழாய்களைக் கழுவிக் காயவைப்பது, டாக்டர் கை நீட்டுவதற்குள் ஊசியை எடுத்துக் கொடுப்பது என்று காலையிலிருந்து மாலைவரை உட்கார நேரமிருக்காது.

நெஞ்சுக்குள் போய்ப் பார்க்கும் ரோபோ அங்கே வந்து சில வருடம் ஆகிறது. ஆள் உயரத்துக்கு ஒரு வண்டி, அதிலிருந்து நீளும் இரண்டு கை, கை நுனியில் பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடித்த ஒரு குழாய். நோயாளிக்கு மயக்கம் கொடுத்ததும் அது வாய் வழியாக இறங்கி, மூச்சுக்குழாய் கிளை பிரியும் இடமெல்லாம் வளைந்து திரும்பி, முன்பெல்லாம் யாராலும் எட்ட முடியாத மூலைவரை போகும். அங்கே சந்தேகப்படும் இடத்தில் ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளிக்கொண்டு வரும். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் உருண்டையை உருட்டி அதை ஓட்டுவார். அங்கே வேலை செய்கிறவர்கள் அதற்கு வைத்த பேர் மாப்பிள்ளை. தினம் புது உறை போர்த்த வேண்டும், ஏசி கொஞ்சம் குறைந்தாலும் முறுக்கிக்கொள்ளும், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றுவிட்டால் கம்பெனி ஆள் வந்து தாஜா பண்ண வேண்டும். வேறு என்ன பேர் வைப்பார்கள்? மூச்சக்கா மட்டும் அந்தப் பேரைச் சொல்லமாட்டாள். 'அது' என்பாள். மாப்பிள்ளை என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

ரோபோ குருட்டாம்போக்கில் போவதில்லை. முன்கூட்டியே எடுக்கும் ஸ்கேனை வைத்துத்தான் அதற்கு நெஞ்சுக்குள் எந்தச் சந்து எங்கே திரும்புகிறது என்று வரைபடம் போட்டுக் கொடுப்பார்கள். அந்த ஸ்கேன் எடுக்கும்போது ஆள் மூச்சை முழுசாக இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். நெஞ்சு நிரம்பினால்தான் கடைசிச் சந்துகள் விரிந்து படத்தில் தெரியும். அரைகுறையாக இழுத்தால் பெரிய பாதைகள் விழும், குட்டிச் சந்துகள் விழாது. ஸ்கேன் அறையில் இதற்கென்று ஒரு ரெக்கார்டு குரல் இருந்தது. "மூச்சை இழுத்துப் பிடிக்கவும்" என்று அது ரயில்வே அறிவிப்பு மாதிரி சொல்லும். ஒருத்தரும் மதிக்கவில்லை. படங்கள் கண்றாவியாக வந்தன. கடைசியில் டாக்டர் இவளைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக்கின் முன்னால் நிற்கவைத்தார்.

"இழுங்க. இன்னும். பத்தல. மாமியார்கூட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பீங்கல்ல, அதை இழுங்க. ஆங், அப்படியே பிடிங்க."

வயிறு எழும்புவதைப் பார்த்தே நிறைந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நிறையாமல் விடவே மாட்டாள். கெஞ்சுவாள், அதட்டுவாள், நாலு தடவையானாலும் எடுக்கவைப்பாள். அப்படி வந்ததுதான் மூச்சக்கா என்ற பேர்.

இனி அந்தக் கதை. கல்யாணமான புதிதில் புருஷன் கைநீட்டினான். பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கட்டிய சேலையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றாள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். அண்ணன் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். பட்டப்பகலில், தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்ப் புருஷன் வீட்டு வாசலில் விட்டான்.

"பாத்துக்கங்க மாப்பிள்ளை. இனிமே வரமாட்டா" என்றான்.

அவளுக்காக அவன் கொடுத்த வாக்கு அது. அவளைக் கேட்டா கொடுத்தான்? அன்று சாயங்காலம் விழுந்த அறையில்தான் அவளுடைய இடது காது போயிற்று. இனிமேல் வரமாட்டாள் என்று தெரிந்த பெண்ணை அடிப்பதற்கு என்ன தயக்கம்?

அப்புறம் அவளே ஒருநாள் கிளம்பினாள், யார் வீட்டுக்கும் போகவில்லை. தன்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து டெக்னீஷியன் படிப்புப் படித்தாள். வகுப்பில் இடது ஓரமாக உட்காருவாள், நல்ல காது வாத்தியார் பக்கம் இருப்பதற்காக. வேலை கிடைத்தது, தனியாக ஓர் அறை எடுத்தாள், அதில் ஓர் ஆள் படுக்கும் கட்டில், ஓர் ஆள் சமைக்கும் அடுப்பு. புருஷனைப் பற்றிக் கேட்டால் அவன் மூஞ்சியே சரியாக ஞாபகமில்லை என்பாள். பொய்யில்லை. அடித்தவனை மறந்துவிட்டாள். கொண்டுபோய் விட்டவனை மறக்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது அவனைக் கறுவுவாள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கறுவுவாள், குழாய்களைக் கழுவும்போது அவன் கழுத்தைத் திருகுவதாக நினைத்துக்கொள்வாள். அவன் நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டால் அன்று சோறு இறங்காது. லாரி டயர் கடை வைத்திருந்தான், கடை நன்றாக ஓடியது. பல நாள் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்டவன் ஒருநாள் நுரையீரல் பிரிவு பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தான்.

வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு நிழல். அதைப் பார்த்த வேறொரு டாக்டர் இங்கே அனுப்பியிருந்தார். அண்ணி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவனோ பக்கத்து நோயாளியிடம் அளந்துகொண்டிருந்தான்.

"நமக்கு இங்க ஒண்ணும் கவலையில்லைங்க. என் தங்கச்சிதான் இங்க எல்லாம். அவ சொன்னா டாக்டரே கேப்பார்."

அது மூச்சக்கா காதில் விழுந்தது. தங்கச்சியாம். இத்தனை வருடம் செத்தாளா இருந்தாளா என்று கேட்காதவனுக்கு வரிசையில் முந்திப் போக ஒரு தங்கச்சி. அவனைப் பார்த்தால் எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை. மறந்தே போய்விட்டான் போல. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதுதான். அவன் வாயால் ஒரு தடவை அதைச் சொல்ல வேண்டும், 'உன்னை நான்தான் கொண்டுபோய் விட்டேன்' என்று. இத்தனை வருடமும் அவள் வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

"சார், சட்டையைக் கழட்டிட்டு இந்த கவுனைப் போட்டுக்குங்க" என்றாள்.

"என்னடி, சாருங்கற?"

"இங்க எல்லாரும் சார்தான். செயின், மோதிரம் இருந்தா அவங்ககிட்ட குடுத்துடுங்க."

அவனுக்கு முன்னால் ஒரு பெரியவர். அவரை நாலு தடவை இழுக்கவைத்து, இருமவைத்து, திட்டி, சிரிக்கவைத்து, கடைசியில் நெஞ்சு நிறைந்த படமாக எடுத்து அனுப்பினாள். அடுத்தது அவன். மேஜை அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. கண்ணாடி வழியாக அவன் பாதங்கள் தெரிந்தன. இரண்டும் நடுங்கின. பயப்படுகிறான் என்று தெரிந்ததும் அவளுக்கு மனசு குளிர்ந்தது.

"மூச்சை இழுங்க" என்றாள் மைக்கில்.

இழுத்தான். வயிறு கொஞ்சம் எழும்பியது. இன்னும் பாதி மிச்சமிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"அங்கேயே பிடிங்க. போதும்."

ஸ்கேன் எடுக்கிறவர் திரும்பி அவளைப் பார்த்தார். "போதுமா அக்கா?"

"போதும்."

அவனைக் கொல்ல அவள் நினைக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் போட்ட கணக்கே வேறு. இந்தப் படத்தை வைத்துக்கொண்டு ரோபோவால் அந்த மூலைக்குப் போக முடியாது. இன்னொரு தரம் வரச் சொல்வார்கள். மறுபடி பட்டினி, மறுபடி மயக்க மருந்து, மறுபடி அந்த மேஜை. தப்பித்து வந்த இடத்துக்கு இரண்டாம் தரம் போவது எப்படி இருக்கும் என்று ஐயாவும் தெரிந்துகொள்ளட்டுமே.

படத்தைப் பார்த்து டாக்டர் முகம் சுளித்தார். "என்ன இது, மூச்சே இழுக்கலையா?"

"அவ்வளவுதான் வந்துச்சு டாக்டர்."

இத்தனை வருடத்தில் அவள் ஒரு படத்தைக்கூடச் சொதப்பியதில்லை. டாக்டர் நம்பினார். இருக்கிறதை வைத்துப் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் அவள் எதிர்பார்த்தபடியே நடந்தது. அவன் வாயில் குழாயோடு கட்டைபோல் கிடந்தான். 'அது' உள்ளே இறங்கியது. பெரிய பாதைகளில் கடகடவென்று போயிற்று. கடைசித் திருப்பத்தில் படத்தில் வழி முடிந்துவிட்டது, திரையிலோ மூன்று சந்துகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. டாக்டர் ஒவ்வொன்றிலும் நுழைந்து பார்த்தார். எதிலும் நிழல் அகப்படவில்லை. குத்தி எடுத்ததெல்லாம் நல்ல சதை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மூச்சக்கா ஒவ்வொரு ஊசியாக வாங்கித் தட்டில் வைத்தாள். முகமூடிக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்ததை யார் பார்த்தது?

இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அவன் வரவில்லை. அடுத்து ஒரு தேதி கொடுத்தார்கள். அதற்கும் வரவில்லை. மூச்சக்கா முதலில் இதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பயந்தாங்கொள்ளி, ஓடிவிட்டான் என்று குஷியாகத்தான் இருந்தாள். வரட்டும், எங்கே போய்விடுவான் என்று இருந்தாள். அப்புறம் ஒரு மத்தியானம் அண்ணி வந்தாள்.

"மெஷினே என்னைப் பார்த்து பயந்து திரும்பிடுச்சுன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிக்கறார். வர முடியாதுங்கறார். பசங்க சொல்லியும் கேக்கல. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லேன்."

"நானா?"

"உன்னைத் தவிர யாருக்கு அடங்குவார்?"

அவன் எப்போது இவளுக்கு அடங்கினான்? அண்ணியிடம் அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது. சுண்டைக்காய் இந்நேரம் என்ன அளவில் இருக்கும் என்று மட்டும் மனசுக்குள் ஓடியது. பாவம் என்று தோன்றியதா என்றால் இல்லை. பயம்தான். பயத்துக்கு மேல் ஆத்திரம். ஒழுங்காகப் பழிவாங்கக்கூட விடமாட்டேன் என்கிறானே, கொடுத்த தண்டனையை வாங்கிக்கொண்டு போகாமல் இவன் பாட்டுக்குச் செத்துவைத்தால் அது யார் தலையில் விடியும்?

மறுநாளே டயர் கடைக்குப் போனாள். கம்ப்ரஸர் தடதடத்துக்கொண்டிருந்தது. அவன் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ட்யூபை அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நல்ல காது அவன் பக்கம் இருக்கும்படி சுற்றிக்கொண்டு போய் நின்றாள்.

"வியாழக்கிழமை ஸ்கேனுக்கு வா."

"அந்த மெஷினே முடியாதுன்னு..."

"மெஷின் மேல தப்பில்ல. நான்தான் பண்ணேன். பாதி மூச்சிலேயே போதும்னு சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன்."

இதைக் கேட்டு அவன் வெலவெலத்துப் போவான், அந்த மூஞ்சியைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் ஆசைப்பட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவன் ட்யூபைத் திருப்பி மறுபக்கத்தை அமுக்கினான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எனக்கு முன்னாடி போன பெரியவரை நீ பாடாப் படுத்துனதை வெளிய பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். எனக்கு மட்டும் ஒரே தடவையில போதும்னுட்ட. காத்தடிச்சுப் பொழைக்கிறவன் நான். ரொம்பினதுக்கும் ரொம்பாததுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"அப்ப ஏன் வாயை மூடிக்கிட்டுப் படுத்திருந்த?"

அவன் கம்ப்ரஸரை நிறுத்தினான். தெருச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

"அன்னைக்கு உன்னை நான்தானே கொண்டுபோய் விட்டேன். நீ ஏதாவது பண்ணணும்னு நெனச்சிருப்ப. பண்ணிட்டுப் போகட்டும்னு இருந்தேன். அதோட சரியாப் போச்சுன்னு வெச்சுக்கோ. இனிமே அங்க வரல."

வருடக்கணக்காக அவள் காத்திருந்த வாக்கியம் வந்துவிட்டது, இத்தனை சுளுவாக, டயர் கடையில், ஈரக்கையோடு. அவளுக்கு நெஞ்சு குளிரவில்லை. தலைக்கு மேல் ஏறியது.

"சரியாப் போச்சா? யாரைக் கேட்டு சரியாக்கின? அன்னைக்கும் நீயே முடிவு பண்ண, இன்னைக்கும் நீயே முடிவு பண்ற. செத்துத் தொலைஞ்சா கணக்கு முடிஞ்சிரும்னு பாக்கறியா? நீ போயிட்டா நான் யார் மேல கோவப்படறது? உன்னை மன்னிக்கறதா எனக்கு உத்தேசமே இல்ல. அதுக்கு நீ உசுரோட இருக்கணும். வியாழக்கிழமை காலையில வெறும் வயித்தோட வா."

வந்தான். மைக்கின் முன்னால் அவனை ஐந்து தடவை இழுக்கவைத்தாள். இரண்டாவதே நிறைந்துவிட்டது. மிச்சம் மூன்றும் அவளுக்காக. இந்தத் தடவை 'அது' நேராகப் போய் நிழலுக்குள் மூக்கை நுழைத்தது. வந்த துணுக்கு கெட்ட துணுக்குதான். ஆனால் வேறெங்கும் பரவவில்லை. வலது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள், அவன் பிழைத்துக்கொண்டான்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். டாக்டர் வாய்தான் கெடுத்தது. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த அவனைப் பார்க்கப் போனவர், மூச்சக்கா, அண்ணி, பையன்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"நீங்க பொழைச்சதுக்கு உங்க தங்கச்சிக்குத்தான் நன்றி சொல்லணும். இவங்க மட்டும் விடாம இழுத்துட்டு வரலேன்னா கஷ்டமாயிருக்கும்."

"ஆமா டாக்டர். என் தங்கச்சி அப்படி" என்றான் அவன், அவளைப் பார்த்துக்கொண்டே. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இவள் கையைப் பிடித்தாள்.

அந்தப் பார்வை மூச்சக்காவுக்கு நன்றாகப் புரிந்தது. சொல்லமாட்டேன், பயப்படாதே என்றது அது. அவளைக் காப்பாற்றுகிறான். அவள் வேலை, அவள் பேர், எல்லாம் இப்போது அவன் உள்ளங்கையில். இனி சாகும்வரை அவன் வாயைத் திறக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவன் அவளுக்குப் போடும் பிச்சை. நல்லவனாகிவிட்டான். அவளைக் கொண்டுபோய் விட்ட அந்தக் கையாலேயே இப்போது அவளுக்குக் குடை பிடிக்கிறான். அந்த நிழலில் நிற்பதைவிட அவள் தீக்குளிப்பாள்.

நேராக டாக்டர் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் இரண்டு ஸ்கேனையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"முதல் தடவையே கிடைச்சிருந்தா ஒருவேளை இவ்வளவு வெட்ட வேண்டி வந்திருக்காது. ஒருவேளைதான். இனிமே அதை யாராலயும் சொல்ல முடியாது." பிறகு சொன்னார்: "மேல சொல்லாம இருக்க என்னால முடியாதும்மா. விசாரணை முடியறவரைக்கும் வராதீங்க. அதுக்கப்பறமும் கூப்பிடுவாங்களான்னு தெரியாது."

"தெரியும் டாக்டர்."

அந்த 'ஒருவேளை' அவளோடுதான் இனி இருக்கும். அது வலித்தது. வலிக்கட்டும், இவள் பண்ணியதற்கு இவள் அனுபவிக்க வேண்டியதுதானே. அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வார்டுக்குத் திரும்பினாள். அண்ணி பையன்களோடு மருந்து வாங்கப் போயிருந்தாள். அவன் தனியாகப் படுத்திருந்தான், விலாவில் கட்டு, மூக்கில் ஆக்ஸிஜன்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், தையல் இழுத்துப்பிடித்தது.

"என்னடி பைத்தியக்காரி. வேலை என்னாச்சு?"

"போச்சு."

"நான்தான் யார்கிட்டயும் மூச்சு விடலையே. சாகற வரைக்கும் சொல்லியிருக்கமாட்டேனே. ஏன் சொன்ன?"

"அதுக்குத்தான் சொன்னேன். எனக்கு ஒரு நல்லது பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டு நீ நிம்மதியா படுத்திருப்பல்ல. அந்த நிம்மதி உனக்கு வேண்டாம்."

அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது. மூச்சக்கா நாற்காலியை இழுத்து அந்தப் பக்கம், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே, அவன் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.